இடது பக்கம் படம், வலது பக்கம் வார்த்தை

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது பாலாநகர் தொழிற்சாலையில், காலை ஷிப்ட் தொடங்கிய சற்று நேரத்தில். கூட வேலை செய்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார்கள். நான் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஐசியூவில் கண் விழித்துப் படுத்திருந்தார். வலது கை அசையவில்லை. என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். ஏதோ சத்தம் வந்தது. அது வார்த்தை இல்லை.

பேச்சு போயிருக்கிறது, நாம் சொல்வது அவருக்கு எவ்வளவு புரிகிறது என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். "தாய்மொழியில எழுதிக் காட்டிப் பாருங்க. சில பேருக்கு அது மட்டும் மிஞ்சும்."

மறுநாள் ஆபீஸுக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நாங்கள் பிழைக்க வந்த இந்த ஊரில் எல்லாம் தெலுங்குதான். நர்ஸும் தெலுங்குப் பெண், தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் வலது பக்கம் அவருக்காகத் தமிழ் வார்த்தை, இடது பக்கம் நர்ஸுக்காகப் படம் என்று முடிவு செய்தேன். அவர் எதன்மேல் விரல் வைத்தாலும் நர்ஸ் பக்கத்திலிருக்கும் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். தொழிற்சாலையில் விழுந்ததில் அவர் மூக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினேன். படங்களுக்குக் கொஞ்சம்தான் இடம் மிஞ்சியது.

லெட்டர் அடிப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. படம் வைத்துப் பழக்கமில்லை. ஒரு படத்தைச் செருகினால் வார்த்தை அடுத்த வரிக்குத் தாவியது. அக்கவுண்ட்ஸில் இருந்த ஒருவர் வந்து, எழுத்தோடு ஒட்டாமல் வைத்த இடத்திலேயே நிற்கும்படி படத்தைத் தனியே மிதக்க விட ஒரு வழி இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தார். அதன் பிறகு மவுஸால் இழுத்து ஒவ்வொன்றையும் அதனதன் வார்த்தைக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீருக்கு டம்ளர். படுத்தபடியே மலஜலம் கழிக்க வைக்கும் பெட்பேனுக்குப் படமே கிடைக்காததால் முட்டை வடிவத்தில் நானே வரைந்தேன். வலிக்குத் தலையைப் பிடித்துக்கொண்ட மனிதன். அடுத்து போர்வை, விளக்கு, கடைசியாக டாக்டரைக் கூப்பிட ஸ்டெதஸ்கோப்.

ஆபீஸ் பிரிண்டரில் எழுத்து மங்கலாக வந்ததால் ஃபைலையும் தமிழ் எழுத்துருவையும் ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த நெட் சென்டருக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். மேலே பெட் நம்பர் போட்டால் தாள் காணாமல் போகாது என்று அவராகவே சொன்னார். சரி என்றேன். நம்பரை அடித்து, என்டர் தட்டி, பிரிண்ட் எடுத்து, லேமினேஷனும் செய்து கொடுத்தார். பார்வையாளர் நேரம் முடிந்துகொண்டிருந்தது. நான் தாளைச் சரியாகக்கூடப் பார்க்காமல் ஐசியூ வாசலிலேயே நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் போனபோது நர்ஸ் என் முகத்தைப் பார்க்கத் தயங்கினாள்.

"சார்க்கு ஏமீ அர்த்தம் காவட்லேதம்மா," என்றாள். அவருக்கு எதுவுமே புரியவில்லையாம். பெட்பேன் கேட்கிறார், கொண்டுபோனால் தள்ளிவிடுகிறார். விளக்கைக் காட்டுகிறார், போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். டாக்டரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார், டாக்டர் வந்து நின்றால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

டாக்டரும் அதைத்தான் சொன்னார். புரிதலும் பாதிக்கப்பட்டிருக்கலாம், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்றார்.

எப்படித் தயார் செய்துகொள்வது? வீட்டில் ஸ்கூல் படிக்கும் மகள், அப்பாவுக்குத் தன்னை அடையாளம் தெரியுமா என்று தெலுங்கில் கேட்டாள். தெரியும் என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. உடம்பு இருந்து ஆள் இல்லாமல் போவதை நினைத்தபடியே விடியும்வரை படுத்திருந்தேன்.

மறுநாள் உள்ளே விட்டார்கள். தாளை அவர் நெஞ்சுக்கு மேலே பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன்.

"ஏங்க, தண்ணி எங்க இருக்குன்னு காட்டுங்க."

கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். தப்பாகக் காட்டினால் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. திறந்தபோது அவருடைய இடது கை விரல் 'தண்ணீர்' என்ற வார்த்தையின்மேல் சரியாக இருந்தது.

"போர்வை?"

விரல் போர்வைக்குப் போனது.

"விளக்கு?"

விளக்குக்குப் போய் அங்கேயே தட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இடது பக்கம் பார்த்தேன். விளக்குக்கு நேராக ஸ்டெதஸ்கோப். போர்வைக்கு நேராக பல்ப். தண்ணீருக்கு நேராக நான் வரைந்த பெட்பேன். டம்ளர் மேலே பெட் நம்பருக்குப் பக்கத்தில் நின்றது. நம்பரைச் சேர்த்ததும் வார்த்தைகளெல்லாம் ஒரு வரிசை கீழே இறங்கியிருக்கின்றன. மிதக்க விட்ட படங்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. கண்ணாடி இல்லாத அவருக்கு அந்தச் சின்னப் படங்கள் தெரிந்திருக்காது.

நர்ஸைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, போர்வையை எடுத்து அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தாள். பிறகு அவர் கண்ணுக்கு நேரே எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்தாள். அவர் நீளமாக மூச்சு விட்டார்.

அன்றே நெட் சென்டருக்குப் போய், கட்டம் கட்டமாக ஒரு டேபிள் போட்டு, ஒரு கட்டத்தில் படம், அதை ஒட்டிய கட்டத்தில் வார்த்தை என்று நானே புதிதாகச் செய்தேன். மேலே ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்தே இறங்கின. அப்படியும் நம்பிக்கை வராமல் பிரிண்ட் ஆன தாளில் ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துப் பார்த்தேன். டாக்டர் அந்தத் தாளை வைத்துக் கேள்வி கேட்டபோது நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாவற்றுக்கும் சரியாகக் காட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு பேச்சு துண்டு துண்டாகத் திரும்பியது. ஓரளவு கோவையாகப் பேச ஆரம்பித்த பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, அந்த முதல் தாளைப் பற்றிக் கேட்டேன். கோபம் வந்ததா என்று.

அவர் தலையை ஆட்டினார்.

"கோவம் இல்ல," என்றார். "தண்ணின்னு எழுதியிருக்கிறத தொட்டேன். பெட்பேன் வந்துச்சு. மறுபடி தொட்டேன். மறுபடி அதான் வந்துச்சு." சொல் கிடைக்காமல் நிறுத்தி, பிறகு தொடர்ந்தார். "எனக்குப் படிக்க மறந்துபோச்சுன்னு நெனச்சேன். தண்ணின்னு நான் படிக்கிறது, அங்க வேற என்னமோன்னு."

நான் அவர் தட்டில் சோறு வைத்தேன். போதும் என்று கையால் காட்டிவிட்டு, அதை வாயாலும் சொன்னார்.