அழுத்தக்காரி

மாத்திரை தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்ரசர் அறையை இருபத்தேழு வருஷம் பார்த்துக்கொண்டவள் அவள். அங்கே அவளுக்கு அழுத்தக்காரி என்று பெயர். காற்றின் அழுத்தத்தைக் கவனிப்பவள் என்பது ஒரு பாதி. மனதில் இருப்பதை லேசில் வெளியே விடமாட்டாள் என்பது மறுபாதி.

ஓய்வுபெற்ற ஆறாம் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒண்டிக்கட்டையாக இருந்தவளை, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான் தம்பி. அவன் பெயிண்டர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சைக்கிள், இரும்புக் கட்டில், ஜன்னல் கம்பி என்று வருவதற்கெல்லாம் ஸ்பிரே அடித்துக் கொடுப்பான்.

அக்காவுக்காக ஒரு பழைய சக்கர நாற்காலி வாங்கிவந்தான். சாம்பல் நிறம், முதுகில் ஏதோ ஒரு வார்டு எண். அதைப் பார்த்ததும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதில் உட்கார்ந்தால், தான் நோயாளி என்று தானே கையெழுத்துப் போட்டதுபோல் ஆகிவிடும் என்றாள். அவன் நாற்காலியைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

மறுநாளிலிருந்து உப்புத்தாள் தேய்க்கும் சத்தம். பிறகு ஸ்பிரே சத்தம். அதற்கடுத்த நாள் திரும்பவும் உப்புத்தாள். நாலாம் நாள் தம்பி மனைவியிடம் விசாரித்தாள். நாற்காலிக்கு நீல நிறம் அடிக்கிறாராம், ஒவ்வொரு தடவையும் கொப்புளம் கொப்புளமாக வருகிறதாம், கடைக்காரனைத் திட்டித் தீர்க்கிறாராம்.

அவள் வாக்கரை இழுத்துப் பிடித்து எழுந்தாள். வைத்தியர் கெஞ்சியும் நடக்காத தூரம் அது. கொட்டகைக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆனது.

ஸ்பிரேக்குக் காற்றுத் தரும் கம்ப்ரசரின் வாயிலேயே, ஈரத்தைப் பிடிக்கும் ஃபில்டர் மாட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தாள், சுட்டது. காற்றுத் தொட்டியின் அடித்திருகைத் திறந்தாள். துருத் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

"பெயிண்ட் மேல தப்பில்லடா. பெயிண்டோட தண்ணியும் சேத்து அடிக்கிற நீ."

ஃபில்டர்தான் போட்டிருக்கிறதே என்றான் அவன்.

"காத்து சூடா இருக்கறப்ப தண்ணி ஆவியா இருக்கும், ஃபில்டரத் தாண்டிப் போயிடும். மொதல்ல ஆற விடு. தானா தண்ணியாகும், அப்பறம் பிடிக்கலாம்."

இரண்டு வாரமாக அவள் ஒரே மூச்சில் இத்தனை பேசியதில்லை. தம்பி குனிந்துகொண்டே சிரித்தான். "வேற யாருக்காவதுன்னா மேலாக்க அடிச்சு மூடியிருப்பேங்கா. ஆனா உன் கண்ணுக்குக் குறைதான் மொதல்ல தெரியும். அதான் திரும்பத் திரும்பத் தேய்க்கிறேன்."

அவள் தொட்டியின் திருகை இறுக்கி மூடினாள். பிறகு, "ஆறு மாசமா என்கிட்ட யாரும் எதுவும் கேக்கலடா" என்றாள்.

நாலு நாள் வேலை நடந்தது. அவள் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, காற்று போகும் வழியிலேயே ஆறும்படி தம்பி சுவரைச் சுற்றி நீளமாகக் குழாய் இழுத்தான். ஆறிய காற்றிலிருந்து பிரியும் தண்ணீர் வடியச் சின்னச் சாய்வு. மூலையில் ஒரு வடிகுழாய், அதற்கொரு திருகு. ஃபில்டர் கடைக்கோடிக்குப் போனது. அதற்கும் அப்பால் ஒரு கண்ணாடிக் குப்பியில், புதுச் செருப்புப் பெட்டிக்குள் பொட்டலமாகக் கிடக்குமே, அந்த மாதிரி ஈரம் உறிஞ்சும் மணிகள். நீலமாக இருக்கும் மணி ஈரம் குடித்தால் ரோஸாக மாறும். அதற்கென்றே ஒதுக்கிய பழைய சட்டியில் தம்பி மனைவி அவற்றை வறுத்துத் திரும்ப நீலமாக்கினாள். இந்த வீட்டில் உப்பு, காரம் என்று யாரும் குறை சொல்லாத சமையல் இது ஒன்றுதான் என்றாள்.

கடைசியில் அக்கா வெள்ளைக் காகிதத்தைப் பிடிக்க, தம்பி வெறும் காற்றை அடித்தான். ஒரு பொட்டு ஈரமில்லை. அன்றைக்கு அடித்த நீலம் பளிங்குபோலப் படிந்தது.

பெயிண்ட் காய்ந்த மறுநாள் அவளாகவே நாற்காலியில் உட்கார்ந்தாள். தெருவில் நாலு வீடு தாண்டியதும், பின்னாலிருந்து தள்ளிவந்த தம்பியைக் கையை எடுக்கச் சொன்னாள். அவன் எடுக்கவில்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், எடுத்தான். சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு முனைக் கடைவரை போய், தம்பி மனைவிக்கு ஒரு கவர் பால் வாங்கித் திரும்பினாள்.

மூன்று மாதத்தில் கைத்தடியோடு நடக்கத் தொடங்கினாள். தன் வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஒருநாள் தம்பி மனைவி அந்த வீட்டைத் திறந்து, மிச்சத் துணிமணிகளை இரண்டு பையில் கட்டி எடுத்துவந்து அலமாரியில் மடித்து வைத்தாள். அழுத்தக்காரி அதைப் பார்த்துக்கொண்டே கொட்டகைக்குப் போய், தொட்டித் தண்ணீரை வடித்துவிட்டுக் கம்ப்ரசரைப் போட்டாள்.