பூலோகம் பூசிய துரு

தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், ஒரு விமானப்படை இயங்கி வருகிறது. ஹண்டர் நான்கு, மிக்-21 ஆறு, நாட் மூன்று. எல்லாம் ஒரு காலத்தில் வானத்தைக் கிழித்த ஜெட் போர்விமானங்கள். இப்போது அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருங்கி, டிவிக்கு மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கின்றன. இப்படையின் தளபதி, பெயின்டர், தூசு துடைப்பவர் எல்லாம் ஒருவரே. பெயர் பூலோகம். வயது ஐம்பத்துமூன்று. வடாலாவில் ஒரு பட்டறையில் பிளாஸ்டிக் மூடிகளுக்கு இரும்பு அச்சு வெட்டும் டை மேக்கர்.

பெட்டியில் வரும் துண்டுகளை ஒட்டிக் காயவைத்துவிட்டு 'விமானம் செய்தேன்' என்று சொல்கிறவர்கள் ஊரில் உண்டு. பூலோகம் அவர்களோடு டீ குடிப்பார்; விமானம் பேசமாட்டார். ஒருமுறை அவருக்குக் கிடைத்த நாட், இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். அவருக்கு வேண்டியதோ ஒற்றை ஆள் உட்கார்ந்து சண்டைக்குப் போனது. அதன் உடம்பை ரம்பத்தால் அறுத்துப் பதின்மூன்று மில்லிமீட்டரை எடுத்தெறிந்தார். இறக்கைகளை உப்புத்தாளால் தேய்த்துச் சின்னதாக்கினார். தகடுகள் சேரும் கோடுகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் கீறினார். ஐந்து மாதம். முடிந்ததும் மைத்துனன் ஹரி பார்த்துவிட்டு, "முந்தி இருந்தத விட சின்னதா போச்சே அத்தான்" என்றான். அன்றிலிருந்து ஒரு வாரம் ஹரியோடு பேச்சு இல்லை.

செம்பூரில் நடந்த ஒரு மாடல் போட்டியில் அந்த நாட் விமானத்துக்கு முதல் பரிசு அறிவித்தார்கள். பூலோகம் மேடையேறி, சக்கரக்குழியின் உட்புறத்துக்குத் தான் அடித்த வண்ணம் அந்த விமானத்துக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது என்று நடுவரிடம் அடக்கமாகத் தெரிவித்தார். நடுவர்கள் தனியே போய்க் கூடிப் பேசினார்கள். கோப்பை வேறொருவருக்குப் போயிற்று.

"பொய் சொல்லச் சொல்லல. வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லா?" என்றாள் அவர் மனைவி பேராச்சி. கோப்பைக்காக டிவி மேல் இடம் ஒதுக்கி வைத்திருந்தவள் அவள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, கணக்கெடுப்பு வரும்வரை.

ஏப்ரலில் பக்கத்துச் சந்துக் கதவுகளில் சிவப்பு எண்கள் முளைத்தன. யார் வந்து எழுதினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். காலையில் எழுந்து பார்த்தால் எண் இருக்கும், அவ்வளவுதான். எண் விழுந்த வீட்டுக்காரர்கள் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினார்கள். எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் பெரிய கட்டடம் வரப்போகிறது. மாடி அறையில் இருப்பவர்களுக்கு ஒரு விதி: அந்த அறை இரண்டாயிரத்துக்கு முன்னால் கட்டியதென்றால் அவர்களுக்கும் தனியாக வீடு உண்டு. அதற்குப் பின் என்றால் கிடையாது. கட்டிய வருஷத்துக்குத் தாள் இல்லாதவர்களுக்கு என்ஜினியர் நேரில் பார்த்து வருஷத்தைத் தீர்மானிப்பார்.

பூலோகத்தின் அறைக்கு மேலே, இரும்பு ஏணி வைத்து ஏறும் மாடி அறையில் ஹரியும் அவன் மனைவி மானசாவும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த அறை ஹரியின் கல்யாணத்துக்காக இரண்டாயிரத்து மூன்றில் கட்டியது. தாள் இல்லை. ஆனால் சந்து கூடிப் பேசி, அங்குள்ள மாடிகள் அனைத்தும் தொண்ணூற்றெட்டில் கட்டப்பட்டவை என்று ஒருமனதாக முடிவு செய்திருந்தது. அந்த ஒரே வருஷத்தில் அத்தனை மாடிகளும் எழும்பியிருந்தால் பம்பாய் முழுக்கச் செங்கல் பஞ்சம் வந்திருக்கும். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பேராச்சி பொருட்படுத்தியது ஒன்றைத்தான்: தன் கணவரின் வாய்.

"அத்தான், என்ஜினியர் கேட்டா தொண்ணூத்தெட்டுன்னு சொல்லணும். அவ்ளோதான்" என்றான் ஹரி.

"ரெண்டாயிரத்து மூணுல கட்டுனத எப்படில தொண்ணூத்தெட்டுங்கது?"

"வாயாலதான்!"

"இவுக வாயில அது வராதுடா" என்றாள் பேராச்சி. "செம்பூர்ல பாத்தோம்லா."

மானசா அதுவரை வாசலில் நின்றிருந்தாள். "அண்ணே, எங்களுக்கு வீடு இல்லன்னு எழுதிட்டாங்கன்னா, ரெண்டு பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நாங்க எங்க போவோம்?" என்றாள்.

பூலோகம் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொய் சொல்ல என்னால ஆகாது. வேணும்னா வெதரிங் பண்ணித் தாரேன்" என்றார்.

வெதரிங் என்பது மாடல் செய்பவர்களின் கடைசி வேலை. புத்தம்புதுப் பிளாஸ்டிக் விமானத்துக்கு வெயிலில் வெளிறிய நிறம், எண்ணெய்க் கசிவு, புகைக்கரி, துரு எல்லாம் பூசி, பல வருஷம் பறந்து களைத்ததாகக் காட்டுவது. பூலோகத்தின் சித்தாந்தப்படி இது பொய்யில் சேராது. காலம் எப்படியும் செய்யப்போகிற வேலையைக் கொஞ்சம் முன்கூட்டியே செய்து கொடுப்பது.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. உண்மையாகவே தொண்ணூற்றெட்டில் கட்டிய மாடி, அதே சந்தில் தப்ரேஸ் வீட்டில் ஒன்று இருந்தது. பூலோகம் நோட்டுப் புத்தகத்தோடு அங்கே போய், துரு போல்ட்டின் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது, ஈரம் சுவரில் எவ்வளவு உயரம் ஏறுகிறது, ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் எந்தச் சாய்வில் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டார். "என்ன பாய், எங்க வீட்டுக்கு வைத்தியம் பாக்குதீரா?" என்று தப்ரேஸ் கேட்டபோது, பூலோகம் அடுத்த போல்ட்டை அளந்துகொண்டிருந்தார். திரும்பி வந்து இரும்புச் சட்டங்களுக்கும் கூரையைத் தாங்கும் கர்டருக்கும் துரு ஏற்றினார். சுவருக்கு ஈரம் ஏற்றினார். பிறகு மீசை முடி அளவு பிரஷ்ஷை எடுத்து விரிசல் வரைந்தார். ஒவ்வொரு விரிசலுக்கும் ஒரு பக்கம் நிழல், மறுபக்கம் வெளிச்சம்.

இரண்டாவது ஞாயிறோடு சந்துக்காரர்களின் கேலி நின்றுபோயிற்று. மூன்றாவது ஞாயிறு, ஹரியின் சின்ன மகள் மேலே தூங்கமாட்டேன் என்று அழுதாள். மானசா விரிசலை விரலால் தடவிப் பார்த்தாள். வழவழப்பாக இருந்தது; வெறும் பெயின்ட். தெரிந்த பிறகும் ஏணியில் அடிமேல் அடி வைத்தே ஏறினாள். பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் வைத்தாள்.

"அத்தான், போதும். எனக்கே டர் லக்தா ஹை, பயமா இருக்கு" என்றான் ஹரி.

"கர்டருக்கு அடிப்பக்கம் இன்னும் பத்து வருசம்தான் ஆயிருக்கு" என்றார் பூலோகம், பிரஷ்ஷைக் கழுவியபடி. "பாதில விட்டா தப்பாயிரும்."

மே மாதம் மூன்றாவது வாரம் என்ஜினியர் வந்தார். இளைஞர், மஞ்சள் ஹெல்மெட், கூட இரண்டு ஆட்கள். கணவரின் வாய் காலியாக இருக்கக் கூடாது என்று பேராச்சி வெண்ணெய் தடவிய மூன்று பன் மஸ்கா வாங்கி வைத்திருந்தாள். முதல் பன்னை அவர் கடிக்கும்போதே என்ஜினியர் ஏணியில் ஏறிவிட்டார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. சட்டங்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"யே தோ பஹுத் புரானா ஹை" என்றார். ரொம்பப் பழசு. தாளில் அவரே 1998 என்று எழுதினார். அதற்கும் முந்தியதாக இருக்கலாம், அதற்குப் பிந்தியதாக இருக்கவே முடியாது என்றும் சொன்னார். கீழே ஹரி பேராச்சியின் கையைப் பிடித்து நசுக்கினான். பக்கத்தில் பூலோகத்தின் முகத்தில், பன்னையும் மீறி, ஒரு மலர்ச்சி தெரிந்தது.

அப்போது என்ஜினியர் நிமிர்ந்து கர்டரைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்தார். இன்னொரு அடி. பிறகு தன் ஆட்களை அவசரமாக வெளியே வரச் சொன்னார். ஒருவன் சிவப்பு பெயின்ட் டப்பாவைத் திறந்தான். சுவரில், பூலோகத்தின் மிகச் சிறந்த விரிசலுக்குக் குறுக்கே, 'அபாயம்' என்று மராத்தியில் எழுதினான்.

மழைக்கு முன்னால், ஏழு நாளில் காலி செய்ய வேண்டும். எட்டாம் நாள் இடிப்பார்கள். வருஷம் தாளில் ஏறிவிட்டதால் கவலை வேண்டாம், கட்டடம் வரும்போது வீடு நிச்சயம் என்றார் என்ஜினியர். கட்டடம் எப்போது வரும் என்று மானசா கேட்டாள். அவர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார்.

"இது பெயின்ட்டுன்னு சொன்னா வருசம் போச்சு. சொல்லலன்னா ரூம் போச்சு" என்று ஹரி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான். "என்ன அத்தான் பண்ணி வச்சிருக்கீங்க!"

பேராச்சி இரண்டாவது பன்னைக் கணவர் வாயில் வைத்தாள். வருஷம் காப்பாற்றப்பட்டது.

எட்டாம் நாளுக்குள் மேலே இருந்த நால்வரும் கீழே வந்துவிட்டார்கள். அன்று காலை சம்மட்டிக்காரன் மாடியேறி, கர்டர் சுவரில் உட்காரும் இடத்தில் ஓங்கி அடித்தான். சம்மட்டி எகிறித் திரும்பியது. மறுபடி அடித்தான். மறுபடி எகிறியது. "ஸாப், இது உடைய மாட்டேங்குது" என்று அவன் இந்தியில் கத்தியபோது, கர்டரிலிருந்து துரு ஒரு தாளைப் போல உரிந்து விழுந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் நல்ல இரும்பு.

என்ஜினியர் மேலே போனார். வியர்த்த விரலால் இன்னோர் இடத்தில் தேய்த்தார். விரல் பழுப்பாயிற்று. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கீழே எட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். குரல் சாந்தமாகத்தான் இருந்தது. பேராச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

பூலோகம் தொண்டையைச் செருமினார். பழுப்பு மூன்று பங்கு, ஆரஞ்சு ஒரு பங்கு, அதன்மேல் சலித்த செங்கல் தூள், கடைசியில் காய்ந்த பிரஷ்ஷால் லேசாகக் கறுப்பு என்று பம்பாய் இந்தியில் விளக்கினார். ஈரம் படாமல் இருக்க மேலே வார்னிஷ் அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை, அது தன்னுடைய தவறு என்றும் ஒப்புக்கொண்டார்.

"அப்ப, நிஜமா எப்ப கட்டுனது?"

"ரெண்டாயிரத்து மூணு, மார்ச் பதினொண்ணு. செவ்வாக்கிழம."

என்ஜினியர் தாளை எடுத்து 1998ஐ அடித்துவிட்டு 2003 என்று எழுதினார்.

ஹரி ஏணியில் பாதிவரை ஓடி ஏறினான். "ஸாப், துரு பொய்னா ஆபத்தும் பொய்தான? ரூம் ஸ்ட்ராங்கா இருக்குல்லா? இடிக்காதீங்க, விட்ருங்க!"

என்ஜினியர் தாளை மறுபக்கம் திருப்பிக் காட்டினார். வருஷம் அவர் கையால் எழுதியது, அவர் திருத்தலாம். அபாயம் என்பதற்குக் கீழே பெரிய அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது. அதைத் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லை.

பேராச்சி கணவரைப் பார்த்தாள். மானசா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

சம்மட்டிக்காரன் உள்ளங்கையில் எச்சில் தொட்டுக்கொண்டு மறுபடி ஓங்கினான். அந்த அறையை இடித்து முடிக்க முழுசாக இரண்டரை நாள் ஆயிற்று. அபாயகரமான கட்டடம் ஒன்றில் இத்தனை உறுதியைத் தாங்கள் இதுவரை பார்த்ததில்லை என்று அந்த ஆட்கள் போகும்போது பூலோகத்திடம் மனம்விட்டுப் பாராட்டினார்கள்.