மிஷினைத் தொடாத மேனேஜர்

ஜெகதாப்பட்டினத்து ஐஸ் பிளாண்டில் நான் இன்ஜினியராகச் சேர்ந்தேன். அதுவரை அந்த வேலையைப் பார்த்தவர்தான் அப்போது புது மேனேஜர். ஒல்லியான ஆள், தூக்கமில்லாத கண்கள். மிஷின் பக்கம் வந்தால் மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொள்வார்.

படகுகள் கடலுக்குப் போகவேண்டிய ஒரு காலையில், ஐஸ் கட்டிகளை உடைக்கும் கிரஷர், பேரிங் இறுகி நின்றுவிட்டது. ஐஸ் இல்லாமல் படகு போகாது. கடலுக்குப் போக மீன்துறையில் டோக்கன் வாங்கும் நேரம் தவறினால் அன்றைய தொழிலே போச்சு. மேனேஜரிடம் ஓடினேன்.

"சார், நீங்க வந்தா சட்டுனு முடிஞ்சிரும்."

"முடிஞ்சிரும்தான். அப்பறம் எப்பவும் என்னையத்தான் கூப்புடுவீங்க. நீங்களே பாருங்க. நான் அங்கிட்டுப் போயி திட்டு வாங்குறேன்."

வாசலுக்குப் போய்விட்டார். அங்கே படகுக்காரர் ஒருவர் கத்தியது எனக்குக் கேட்டது.

"ஏன் சார், சேர்ல ஒக்காந்ததும் ஸ்பேனர் பிடிக்க மறந்துருச்சா?"

"என்னைய எம்புட்டு வேணாலும் வையிங்கண்ணே. உள்ள வேலை பாக்குற பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க."

ஒருவழியாகப் பேரிங்கை மாற்றினேன், கிரஷர் ஓடியது. ஆனால் இரண்டு படகுகளுக்கு டோக்கன் நேரம் தாண்டிவிட்டது. என்னை அவர் திட்டவில்லை. அந்த இரண்டு படகுக்காரர்களுக்கும் சமாதானம் சொல்லத் தானே நடந்து போனார்.

இப்போது எந்த மிஷின் நின்றாலும் நான் யாரையும் கூப்பிடுவதில்லை. அவர்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனாலும், நான் கற்றுக்கொள்வதற்காக அந்த இரண்டு வீட்டுப் பிழைப்பை ஒருநாள் நிறுத்த அவருக்கு என்ன உரிமை?