திருத்தணிக்குப் போகாத கடிகாரங்கள்

எங்கள் நைனா இல்லாமல் ஓராண்டு கழிந்துவிட்டது. இந்த நினைவு மலரை வாங்கிப் புரட்டும் உங்களில் பலருக்கு அவர் 'கடியார வாத்தியார்'. மகளாகிய எனக்குத் தெரிந்த நைனாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கார்வேட்டிநகரத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தங்கையையும் தாமே வளர்த்து ஆளாக்கி, நகரியில் ஆசிரியரானார். அந்தத் தங்கைதான் எங்கள் அத்தை. கல்யாணமான பிறகும் அத்தையும் கணவரும் எங்கள் வீட்டிலேயே குடியிருந்தார்கள். திருமலைக்குப் போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பிய அந்த மனிதர் திரும்பவே இல்லை.

பள்ளிக்கூடம் விட்டால் நைனாவுக்குக் கடிகாரம்தான் உலகம். தறியில் கழித்துப்போட்ட கட்டைகள், சைக்கிள் செயின் என்று கிடைத்ததையெல்லாம் வைத்து அவரே செய்தவை பாதி. ஒன்றில் முள் பின்னோக்கி ஓடும். முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால்தான் நேரம் புரியும். ஒன்றுக்கு முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. மணி அடிக்க மட்டும் செய்யும். இன்னொன்று சொம்பிலிருந்து சொட்டும் தண்ணீரில் ஓடும். தாகத்துக்கு யாராவது அதைக் குடித்துவிட்டால் நின்றுவிடும். பெரியது சுவரோடு பதித்தது. அதன் எடைக்கல் ஏறி இறங்க மச்சுப் பலகையில் ஓட்டையே போட்டிருந்தார். ஒன்று காட்டும் நேரம் மற்றொன்றோடு ஒத்துப்போகாது. நைனா பள்ளிக்குக் கிளம்புவது மட்டும் ரயில் சத்தத்தை வைத்துத்தான்!

எல்லை பிரித்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. அம்மாவின் பிறந்த வீடு திருத்தணி. தாய்மாமன் அங்கே ஒரு பள்ளியில் நைனாவுக்கு வேலை பேசி முடித்து, வண்டியோடு வந்துவிட்டார். அம்மா பாத்திரங்களைக்கூட மூட்டை கட்டியாயிற்று. நைனா அசையவில்லை.

"கடியாரத்தை எட்த்தா நின்னு பூடும், மச்சான். அத்த வுட்டுட்டு நான் வரமாட்டேன்."

"கடியாரத்துக்காவ பொண்டாட்டி புள்ளைங்கள இங்க தவிக்க வுடறீங்களா? நல்லா கீது உங்க நாயம்!"

வண்டி காலியாகவே திரும்பியது. பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் குறையக் குறைய, நைனா எங்களோடு உட்கார்ந்து தெலுங்கு எழுத்துப் பழகி, கணக்குப் பாடத்தைத் தெலுங்கில் நடத்தினார். உறவில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் கேலிதான். "கடியாரம் சௌக்கியமா?" என்று கேட்ட பிறகுதான் எங்களை நலம் விசாரிப்பார்கள். நைனா சிரித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கடிகாரங்களைத் திட்டித் தீர்ப்பார்.

சில மாதங்கள் படுக்கையில் இருந்து, யாரையும் படுத்தாமல் நைனா கண்மூடினார். கருமாதியன்று தாய்மாமன் பழைய கதையை எடுத்தார். "கடைசி வரிக்கும் கடியாரத்தையே கட்டிக்கினு பூட்டாரு."

மூலையில் இருந்த அத்தை எழுந்தார்.

"அண்ணன ஏன் சொல்றீங்க? நாந்தான் வரமாட்டேன்னு அழுதேன். எங்க வூட்டுக்காரரு திரும்பி வந்தா, பூட்டின வூட்டைப் பாத்துட்டுப் பூடுவாரேன்னேன். 'நீ வாயத் தொறக்காத, நான் பாத்துக்கறேன்'னு அண்ணன் சொல்லிட்டாரு."

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"எனுக்கு அப்பவே தெரியும்டி" என்றார் அம்மா. "ஆத்திரம் இல்லாமயா இருக்கும்? நாத்தனாரை ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதேன்னுதான் கடியாரத்தைத் திட்டிக்கினு இருந்தேன்."

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வெடித்தது.

அத்தையின் சம்மதத்தோடுதான் இதை எழுதியிருக்கிறேன். நைனாவைத் தூக்கி உட்காரவைத்து உதவிய தறிக்கார அண்டைவீட்டாருக்கும், அழைத்தபோதெல்லாம் வந்த மருத்துவருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நைனா சொன்னதை அப்படியே நம்பி, இத்தனை வருஷமும் அவரைக் கேலி செய்த உறவினர்களுக்கும் நன்றி. நீங்கள் நம்பியதால்தான் எங்கள் அத்தை ஒரு சுடுசொல் கேட்காமல் அந்த வீட்டில் வாழ்ந்தார்.