தூங்குகிறேன் என்று சொன்ன கார்

திங்கட்கிழமை காலை ஆபீஸ் வாசலில் நின்ற கார் செத்துக் கிடந்தது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை. அது எங்கள் கார் இல்லை. சென்னையில் கார் தயாரிக்கும் கஸ்டமர் சோதனைக்காக அனுப்பிவைத்த வண்டி. இதற்கு முன்னாலும் இரண்டு தடவை இப்படி ஆகி, அவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. "வெள்ளிக்கிழமை நாங்களே வர்றோம். ராத்திரி முழுக்க நிறுத்தின வண்டி காலையில ஸ்டார்ட் ஆகலைன்னா, ப்ராஜெக்டை வேற கம்பெனிக்குக் குடுத்துடுவோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

ப்ராஜெக்ட் போனால் டீமில் இருந்த ஆறு பேருக்கும் பெஞ்சுதான். அதாவது வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்து, யாராவது கூப்பிட்டால் பேங்க் சாஃப்ட்வேரில் பிழை தேடப் போவது. நான் அதிலிருந்து தப்பிக்க இரண்டு மேனேஜர்களிடம் சண்டை போட்டு இங்கே வந்தவள். ஹைதராபாத்தில் ஐ.டி. வேலை என்றால் எல்லாரும் கண்ணாடிக் கட்டிடத்தை நினைப்பார்கள். எங்கள் ஆபீஸ் மல்லாபூரில், ஒரு வெல்டிங் ஷெட்டுக்குப் பக்கத்துச் சுவர். ஆனால் அங்கேதான் என் கையில் மல்டிமீட்டரும் சோல்டரிங் அயர்னும் கொடுத்தார்கள். அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை.

1. வியாதி

காருக்குள் நாங்கள் செய்து கொடுத்த ஏழு குட்டிக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஈசியூ என்போம். முறுக்கிய இரண்டே கம்பிகளில் அவை ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும். அந்தக் கம்பிக்குப் பெயர் கேன் பஸ். ஒவ்வொரு ஈசியூவின் வாசலிலும் ட்ரான்ஸீவர் என்று ஒரு சிப் உட்கார்ந்து, கம்பியில் வருவது நிஜ சிக்னலா, வெறும் இரைச்சலா என்று பார்க்கும். காரைப் பூட்டினால் எல்லாரும் தூங்கப் போய்விடுவார்கள். ட்ரான்ஸீவர் மட்டும் அரைத் தூக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்.

எங்கள் ட்ரான்ஸீவருக்குக் காது ரொம்பக் கூர்மை. பக்கத்து ஷெட்டில் வெல்டிங் போட்டால் கம்பியில் ஒரு துள்ளல் வரும். உடனே யாரோ கூப்பிட்டதாக நினைத்து எழுப்பிவிடும். எழுந்த ஈசியூ மற்ற ஆறையும் எழுப்பும். கல்யாண மண்டபத்தில் விடியற்காலை ஒரு குழந்தை அழுத கதைதான். ஞாயிறு முழுக்க ஷெட்டில் வேலை நடந்திருக்கிறது. பேட்டரி காலி.

ஒரு துள்ளலுக்கு மசியாமல், சரியான நீளத்தில் இரண்டு தடவை சிக்னல் வந்தால் மட்டும் எழுப்புகிற வேறு ட்ரான்ஸீவர் எங்களிடம் சாம்பிளாக இருந்தது. நானும், கூட வேலை பார்த்த வாணியம்பாடி இம்ரானும் செவ்வாய்க்கிழமை ஏழு ஈசியூவிலும் அதை மாற்றினோம். ஷெட்காரர்களிடம் கெஞ்சி, சாயங்காலம் சுவர் ஓரமாகவே வெல்டிங் போட வைத்தோம். சத்தம் போடாமல், கேட்டதைப் பதிவு மட்டும் செய்கிற லாகர் ஒன்றை பஸ்ஸில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

புதன் காலை கார் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. லாக் ஃபைலைத் திறந்தேன். ஒரு வரி கிடையாது. ராத்திரி முழுக்க பஸ்ஸில் ஒரு பேச்சுமூச்சு இல்லை. இம்ரான் என் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினான்.

2. வைத்தியம்

எங்கள் மேனேஜர் ரங்கநாதன் சார் ஒரு டிஃபென்ஸ் நிறுவனத்தில் காலமெல்லாம் குவாலிட்டி பார்த்து ரிட்டயர் ஆகி வந்தவர். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதுக்கு என்பதற்கு கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ் என்று பேச்சில் ஹைதராபாத் உருது கலந்து வரும். ரொம்ப நல்ல மனுஷர். அதுதான் கஷ்டமே.

"என்ன மா இது, ஃபைல்ல ஒண்ணுமே இல்லியே?"

"அதான் சார் ரிசல்ட். கார் தூங்கியிருக்கு."

"நக்கோ மா, நக்கோ. காலி ஃபைலை கஸ்டமருக்கு எப்படி அனுப்பறது? டெஸ்டே பண்ணலைன்னுவான்."

"கார் ஸ்டார்ட் ஆச்சே சார்!"

"அது ஸ்டார்ட் டெஸ்ட். இது தூக்க டெஸ்ட். தூங்கினதுக்கு ரெக்கார்ட் வேணுமில்லே?"

அவருக்கு ஒரு யோசனை வந்து முகம் மலர்ந்தது. "ராத்திரி காலனியில வாட்ச்மேன் விசில் அடிக்கிறான் இல்லே? எல்லாம் அமைதியா இருக்குன்னுதானே அர்த்தம்? அது மாதிரி, ஒவ்வொரு ஈசியூவும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை 'நான் தூங்கறேன்'னு ஒரு மெசேஜ் போடட்டும்."

"சார், மெசேஜ் போடணும்னா அது எந்திரிக்கணும். அது பேசினா மத்த ஆறும் எந்திரிக்கும்."

"சொல்லிட்டுத் திரும்பத் தூங்கட்டும் மா. கைக்கு டென்ஷன்?"

எனக்கு வந்ததே கோபம்! இம்ரான்தான் காதோரம், "அக்கா, போட்டுக் காட்டிடலாம், அவரே பார்த்துப் புரிஞ்சுக்குவாரு" என்றான். போட்டோம்.

வியாழன் காலை கார் பிணம். லாக் ஃபைலில் மட்டும் திருவிழா. ஐ யாம் ஸ்லீப்பிங், ஐ யாம் ஸ்லீப்பிங் என்று ஏழு ஈசியூவும் ராத்திரி முழுக்க முறை வைத்து ஒன்றை ஒன்று எழுப்பிச் சொல்லியிருந்தன. ரங்கநாதன் சார் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்துப் பூரித்துப் போனார்.

"ஹவ்! இதான் ரெக்கார்ட். ஒரு நிமிஷம்கூட கண்ணு முழிக்கலை பாரு!"

"கார் ஸ்டார்ட் ஆகலை சார்."

"அது பேட்டரி ப்ராப்ளம் மா. பேட்டரி சப்ளையருக்கு எழுதிடலாம்."

மறுநாள் கஸ்டமர் வருகிறார். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றி, அந்த மெசேஜை ஏழிலிருந்தும் பிடுங்கிப் போட்டுவிட்டு, நேராக அவர் கேபினுக்குப் போனேன். "எடுத்துட்டேன் சார். என்னைப் பத்தி ரிப்போர்ட்ல என்ன வேணா எழுதிக்குங்க." அவர் ஒன்றும் எழுதவில்லை. பாவம், முகம்தான் சுண்டிப்போனது.

3. சான்றிதழ்

வெள்ளிக்கிழமை கஸ்டமர் கம்பெனியிலிருந்து செல்வம் என்பவர் வந்தார். ஆள் கெட்டிக்காரர். வியாழன் சாயங்காலம் காரைப் பூட்டிக் கதவில் நாங்கள் ஒட்டின சீலைத் தடவிப் பார்த்தார், தானே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பிடித்துக்கொண்டது. இம்ரான் போட்ட கூச்சலில் வெல்டிங் ஷெட்டே வெளியே வந்து நின்றது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

"சூப்பருங்க. லாக் குடுங்க, கிளம்பறேன்."

கொடுத்தேன். செல்வம் மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

"ஒண்ணையும் காணோமே?"

"தூங்கிச்சுங்க. அதான் ஒண்ணுமில்லை."

"எனக்குப் புரியுது மேடம். எங்க ஜி.எம்.முக்கு இதை எப்படி அனுப்பறது? வெறும் ஃபைல் வாங்கவா ஹைதராபாத் போனேன்னு கேப்பாரு. இதை வெச்சு நான் பாஸ் போட முடியாதுங்க."

இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ப்ராஜெக்ட் போய்க்கொண்டிருக்கிறது. ரங்கநாதன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடக்கமாகத் தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். புதன்கிழமை ராத்திரியின் கொழுத்த ஃபைல்.

செல்வத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம். "அட, இதல்லவா லாகு!"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், அது பேட்டரி செத்த ராத்திரி எடுத்தது. அன்னைக்கு கார் கண்ணே மூடலை. தேதியைப் பாருங்க."

அவர் தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஃபைலைப் பார்த்தார்.

"ஒவ்வொரு லைன்லயும் தூங்கறேன்னுதானே மேடம் போட்டிருக்கு?"

பாஸ் போட்டுவிட்டார். சந்தோஷப்படுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியாமல் எல்லாருக்கும் டீ சொன்னேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்றது இதுதான்: சிக்னல் வந்ததைச் சரியாகக் கண்டுபிடிக்க நல்ல சிப் கிடைக்கும். சிக்னல் வரவில்லை என்பதை ஒரு மனுஷரை நம்ப வைக்க இன்னும் யாரும் சிப் செய்யவில்லை. அதற்கும் சேர்த்துத் திட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த மாடலும் எங்களுக்கே வந்தது. ஜி.எம்.முக்கு அந்த ஃபைல் அவ்வளவு பிடித்துவிட்டதாம். அவர்கள் அனுப்பிய தேவைகளில் முதல் வரி: தூங்கும் ஒவ்வொரு ஈசியூவும் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைத் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது வரி: பேட்டரி இறங்கக் கூடாது. அந்த இரண்டு வரிக்கும் நடுவில் எங்கள் ஆறு பேருக்கும் நாலு வருஷம் வேலை இருந்தது.