வெட்டாத பத்தொன்பது நிமிடங்கள்

போன ஆனி மாதம் தஞ்சாவூர்ப் பக்கம் போனது ஒருவருக்கு உதவி செய்வதற்காக. போய்ச் சேர்ந்த பிறகுதான் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. மேட்டூர்த் தண்ணீர் வரும் நாட்களில் டெல்டாவுக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்ததால் வழி, நேரம், செலவு எல்லாம் எழுதுகிறேன். நடுவே என் கதையும் வரும். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

நான் மின்னணுவியல் படித்தவன். சென்னையில் படப்பிடிப்புக் குழுக்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறேன். அதற்கு முந்தைய ஆனியில், ஓர் உலகச் செய்திச் சேனலின் வெளிநாட்டுச் செய்தியாளரோடு திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு வாய்க்கால் மதகு. இடப்பக்கம் கோயில் நிலம், வலப்பக்கம் தர்கா நிலம். முதல் தண்ணீர் ஒரு வருடம் இந்தப் பக்கத்துக்கு, மறு வருடம் அந்தப் பக்கத்துக்கு. இதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. இருந்தாலும் தண்ணீர் வருகிற அன்று இரு தரப்பும் மதகில் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தாமல் இருந்தால் உரிமையை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். கத்தி முடித்து, ஷட்டரைத் தூக்கிவிட்டு, எல்லோரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள்.

கத்தல் உச்சத்தில் இருந்தபோது செய்தியாளர் "யார் இவர்கள்?" என்று கேட்டார். கொளுத்தும் வெயில், பேட்டரி வேறு தீர்ந்துகொண்டிருந்தது. "இடது கோயில், வலது தர்கா" என்றேன். நிலத்தைச் சொன்னேன், ஆட்களைச் சொல்லவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை.

ஒளிபரப்பானது நாற்பது விநாடி. தண்ணீருக்காக மோதிக்கொள்ளும் இரு மதங்கள் என்று சொன்னார்கள். வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்த பெண் முஸ்லிம் விவசாயி ஆகிவிட்டார், எதிரே கைநீட்டிக் கத்தியவர் இந்து விவசாயி. உண்மையில் அந்தப் பெண் செல்வராணி. மாமனார் காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்த குடும்பம், இன்று தர்கா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறது. எதிரே நின்றவர் யூசுப் ராவுத்தர். கோயில் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், அவர் 'அத்தா' என்று சொல்லும் அப்பாவின் காலத்திலிருந்து உழுகிறவர்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சேனலுக்கு மூன்று மின்னஞ்சல் எழுதினேன். அக்கறைக்கு நன்றி என்று ஒரு பதில் வந்தது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று, காப்புப் பிரதியாக என்னிடம் இருந்த வெட்டாத பத்தொன்பது நிமிட வீடியோவையும் இணையத்தில் ஏற்றினேன். யார், என்ன மதம், யாருடைய நிலம், எவ்வளவு என்று அத்தனையையும் கீழே எழுத்தில் போட்டேன். ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

பத்து மாதம் கழித்து ஒரு செய்தி வந்தது. கோயில் நிலத்தில் ஒரு முஸ்லிமுக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள், விசாரணைக்கு நாள் குறித்தாகிவிட்டது. மூலப் பதிவை ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஊர் யூசுப்பை எப்படித் தன்னில் ஒருவராக வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

எழும்பூரிலிருந்து ரயில், படுக்கை வகுப்பு ரூ.225. தஞ்சாவூரில் காலை 5.40. பழைய பேருந்து நிலையம் பதினைந்து நிமிட நடை. இரண்டு இட்லி, ஒரு வடை, காபி ரூ.45. திருக்காட்டுப்பள்ளிப் பேருந்து 6.50க்கு எடுத்தார்கள். 25 கி.மீ., டிக்கெட் ரூ.16, ஐம்பத்தைந்து நிமிடம். வலது ஜன்னல் ஓரம் உட்காருங்கள். வழியெல்லாம் குறுவை நாற்றங்கால். சுவர்களை இரண்டு கழகங்களும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. திருக்காட்டுப்பள்ளியில் இறங்கி ஆட்டோ. அதற்கு மேல் வழி சொல்ல மாட்டேன், ஊர்ப் பெயரும் எழுத மாட்டேன், ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "வீடியோவுல வந்த மதகா சார்? நீங்க மனு கொடுத்த பார்ட்டியா, பத்திரிகையா?"

"ரெண்டும் இல்லீங்க."

"அப்ப எதுக்கு சார் போறீங்க?"

டிஸ்க் இருந்த பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

யூசுப் நாற்றங்காலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தபடி வரப்பேறினார். "வாங்க தம்பி. மைக்கு கொண்டாரலியா?"

டிஸ்க்கை எடுத்து நீட்டி, விசாரணையில் போட்டுக் காட்டலாம், நானே வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். மதகைத் தாண்டி எதிர்ப்பக்கத்திலிருந்து செல்வராணி வந்துவிட்டார். "அண்ணே, பத்தொம்பது நிமிசம் பத்தலன்னு மிச்சத்தையும் தூக்கிட்டு வந்திருக்காரு!"

"சும்மா இரு தங்கச்சி." யூசுப் என் பக்கம் திரும்பினார். "தம்பி, மனுவோட அவங்க இணைச்சிருக்கறதே ஒங்க வீடியோதான். எம்மொகம், எம்பேரு, எத்தன மா, எல்லாத்தையும் நீங்களே கீழ எழுதிட்டீங்க. அவங்களுக்கு ஒரு வேலையும் வெக்கல."

"நீங்க உழுவறது ஊருக்கே தெரியுமே?"

"தெரியும். குருக்களுக்குத் தெரியும், கோயில் கணக்கருக்கும் தெரியும். ஆனா குத்தகை கலியமூர்த்தி பேருல இருக்கு. அவரு குடும்பம் திருப்பூருக்குப் போவயில எங்கத்தாகிட்ட உழச் சொல்லிக் கொடுத்துட்டுப் போச்சு. குத்தகை நெல்லு நான் அளக்கறேன், ரசீது இன்னிக்கும் அவரு பேருலதான் போடறாங்க. கோயில் நெலத்த உள்குத்தகைக்கு விடக் கூடாதுன்னு சட்டம், அதனால எழுத்துல மட்டும் எங்கயும் கெடையாது. நீங்க எழுதிட்டீங்க."

"நான் உண்மையத்தானே போட்டேன்?" குரல் எனக்கே சின்னப்பிள்ளைத்தனமாகக் கேட்டது.

"பொய் சொன்ன டிவிக்காரன் எங்கள ஒண்ணும் பண்ணலியே!" என்றார் செல்வராணி. "சார்ஜாவுலேர்ந்து இவரு தம்பி போன் பண்ணி விழுந்து விழுந்து சிரிச்சுது. என்னைய முஸ்லிமாக்கிட்டாங்கன்னு இவங்க வீட்டுல பிரியாணி போட்டாங்க. நீங்க உண்மையச் சொன்னீங்க, வக்கீல் வீட்டுக்கு நடையா நடக்கறோம்."

தண்ணீர் 11.20க்கு வந்தது. நுரையும் சருகுமாக மதகை முட்டியது. இந்த வருடம் கோயில் பக்கத்து முறை. தர்கா பக்கத்து ஆட்கள் கத்தினார்கள். எதிர்க்கரையிலிருந்து சத்தமே இல்லை. நிலத்தில் உரிமை கொண்டாடியதாக யாரும் படம் பிடித்துவிடக் கூடாது, விசாரணை முடியும் வரை வாயைத் திறக்காதே என்று யூசுப்பிடம் வக்கீல் சொல்லியிருந்தாராம். அவருக்காக அந்தப் பக்கத்து மற்றவர்களும் கத்தவில்லை. யூசுப் தலைகுனிந்து மண்வெட்டியில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்.

"யோவ் அண்ணே, ஒரு சத்தமாவது குடுய்யா! திட்டவாவது செய்!" செல்வராணி கத்தினார். அவர் நிமிரவில்லை. பிறகு செல்வராணியே போய்க் கோயில் பக்கத்து ஷட்டரைத் தூக்கினார். அன்று யாரும் டீக்கடைக்குப் போகவில்லை.

கிளம்பும்போது யூசுப்பிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் வேணாம் தம்பி, அத எடுத்துடுங்க, போதும்" என்றார். வாய்க்கால் கரையிலேயே நின்று கைபேசியில் வீடியோவை அழித்தேன். இரண்டு நிமிட வேலை. அதற்குள் எத்தனை பேர் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள் என்று எண்ண முடியாது. ஆவணியில் உத்தரவு வந்தது: குறுவையை அறுத்துக்கொண்டு நிலத்தை விட வேண்டும்.

போகிறவர்களுக்கு: மேட்டூர் திறந்து ஒரு வாரம், பத்து நாளில் போனால் புதுத்தண்ணீரைப் பார்க்கலாம். தஞ்சாவூரில் தங்குங்கள், அறை ரூ.600க்குக் கிடைக்கும். தொப்பி அவசியம். இந்தப் பக்கத்தில் கோயிலும் தர்காவும் கும்பிடும் இடங்கள் மட்டுமல்ல, நிலத்துக்குச் சொந்தக்காரர்களும்கூட. யார் எதை உழுகிறார்கள் என்பது பெரும்பாலும் வாய்ச்சொல்லில் நிற்கிறது. கேமராவை எடுக்கும் முன், இது வெளியே தெரிந்தால் யாருக்கு என்ன போகும் என்று கேளுங்கள். அந்தச் செய்தியாளர் கேட்கவில்லை என்று ஒரு வருடம் திட்டினேன். நானும் கேட்கவில்லை.

போன வாரம் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கோயில் நிலத்திலிருந்து முஸ்லிம் விவசாயி வெளியேற்றப்பட்டது பற்றி விரிவாக எடுக்கப் போகிறார்களாம். இம்முறை எல்லாத் தகவலையும் இருமுறை சரிபார்த்துவிட்டதாகவும், நான் ஒலிப்பதிவுக்கு வர முடியுமா என்றும் எழுதியிருந்தார். இணைத்திருந்த குறிப்பைப் படித்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

வர முடியாது என்று எழுதினேன். பரவாயில்லை, வேறு ஆள் கிடைத்துவிட்டார் என்று பதில் வந்தது.