வெள்ளிக்கிழமை கிளம்பாத கார்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று உறுதியானதும் ஒரு தோட்டத் துரை மூட்டை கட்டினார். அவர் விட்டுப்போன சீமை ஸ்போர்ட்ஸ் காரை நான் வாங்கினேன். நாடே விடுதலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, காசு கொடுத்து அடிமையானவன் மலாக்காவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டே இருக்கை. நீண்ட மூக்கு. இஞ்சினுக்குக் காற்றுப் போக, மூக்கின் இரு பக்கமும் மீன் செவுள் மாதிரி வரிசையாகத் திறப்புகள். எங்கள் காஜா பேராங் சாலையில் அதை ஓட்டிப்போகும்போது நானே துரை என்று எனக்கு நினைப்பு. தொட்டிக்குள் உட்கார்ந்து குளிக்கிறவன் மாதிரி இருக்கிறேன் என்றாள் அக்கா.

அவளுக்காகத்தான் வாங்கினேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. ஊருக்கு வெளியே செங் என்ற இடத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் அவளுக்குத் தற்காலிக ஆசிரியை வேலை. பஸ்ஸை விட்டு இறங்கிச் செம்மண் பாதையில் இரண்டு மைல் நடக்க வேண்டும். ஒரு வருடம் குறையில்லாமல் ஓட்டினால் வேலை நிரந்தரம், தோட்டத்திலேயே வீடும் உண்டு. தாமதம் என்று மூன்று கடிதம் வந்தால் கதை முடிந்தது. ஆகவே தினமும் காலையில் நான் அவளை இறக்கிவிட்டு, பிறகு அலுவலகத்தில் என் கிராணி வேலைக்கு, கோப்பு எழுதப் போவதாக ஏற்பாடு.

கார் நினைத்த இடத்தில் நின்றது. காருக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பு 'டிக் டிக்' என்பதை நிறுத்தினால் இறங்கிப் போய்ச் செருப்பால் ஒரு தட்டு தட்ட வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா தள்ளுவாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உற்சாகப்படுத்துவேன். முதல் கடிதம் வந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளைக் காருக்கு அடியில் கழித்தேன். துருவேறிய எர்த் வயர்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பம்பின் கரிந்த முனைகளைச் சுத்தம் செய்தேன். வெடித்த ரப்பர் குழாய்களையும் பிளக்குகளையும் மாற்றினேன். கையில் கிரீஸ் போகாமல், அலுவலகக் கோப்பெல்லாம் என் ரேகை. அக்கா தன் பங்குக்கு, "வெள்ளிக்கிழமையாவது அதைக் கழுவி, மஞ்சத் தண்ணி ஊத்திப் பொட்டு வைடா" என்றாள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. ஒரு செம்பு கேட்டால் மூன்று வாளி ஊற்றினேன்.

பலன் தெரிந்தது. திங்கள் முதல் வியாழன் வரை கார் தங்கம். வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பாது.

பக்கத்து வீட்டுச் செட்டி பெரியவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள வருவார். "ஜுமாட் லாகி?" என்பார். மறுபடி வெள்ளியா என்று அர்த்தம். தலைமுறையாக மலாய் பேசும் மலாக்கா செட்டி; அவருக்குத் தமிழ் வராது. எனக்கு அந்த நேரத்தில் எந்த மொழியும் வராது. தள்ளியும் கிளம்பாத காரை விட்டுவிட்டு அக்கா பஸ்ஸுக்கு ஓடி, பெரும்பாலும் மணி அடிக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். மாலையில் எங்கள் தெருச் சீன மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், சாவியைத் திருப்பியதும் அந்தக் கார் நல்ல பிள்ளையாகக் கிளம்பும்.

"தம்பி, காருக்கு ஒன்னும் இல்ல. நீ டாக்டர்கிட்ட போ" என்று மலாயில் சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

இரண்டாவது கடிதம் வந்தது. நான் வாளியை நான்காக்கினேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார், அதுவும் வெள்ளிக்கிழமை என்று அக்கா வந்து சொன்னாள். அழவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, நான்கு வாளியும் ஊற்றிய பிறகு கார் கிளம்பாமல் நின்றதும், காலையிலேயே மெக்கானிக்கைக் கையோடு வீட்டுக்கு இழுத்து வந்தேன். அவர் காரின் மூக்கைத் திறந்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துவிடும் டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரே ஈரம். ஓரமெல்லாம் மஞ்சள். விரலால் தொட்டு முகர்ந்தார்.

"தம்பி, இதுக்குள்ள கறி ஆக்கினியா?"

செவுள்களைக் காட்டினேன். வாளியைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. என் தோளைத் தட்டிவிட்டு, துணியால் துடைத்து மூடினார். கார் உடனே கிளம்பியது. மாலைக்குள் வெயிலில் தானாகக் காய்ந்துவிடுகிற வியாதியை, நான் ஞாயிறுதோறும் ஸ்பானரால் தேடியிருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் வரும் வெள்ளிக்கிழமை, காய்ந்த துணியால் மட்டும் காரைத் துடைத்தேன்.

"தண்ணி ஊத்தலியாடா?"

"இல்லக்கா. போற வழியில சொல்றேன்."

கார் ஒரே திருப்பில் கிளம்பியது. சொன்னேன். செம்மண் பாதை வரும்வரை அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள்.

"ஒம்பது வெள்ளிக்கெழம தள்ளியிருக்கேன்."

"ஊத்தச் சொன்னது நீதானக்கா."

"ஒரு செம்புடா, சனியனே!"

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இறங்கினாள். வருடம் முடிந்தபோது மூன்றாவது கடிதம் வந்தது. வேலை நிரந்தரம் என்றும், தோட்டத்துக் குவார்ட்டர்ஸ் வீடு காலியாக இருக்கிறது என்றும் அதில் எழுதியிருந்தது.

"இங்கேயே இருந்துக்கோயேன். இப்பத்தான் காரு நல்லா ஓடுதே" என்றேன்.

"ஓடும்டா. ஓடுமா ஓடுமான்னு காலையில எந்திரிக்கத்தான் எனக்கு இனிமே முடியாது."

இரண்டு இருக்கைக் காரில் பீரோ ஏறாது. சாமானும் அக்காவும் லாரியில் போக, நான் பின்னால் காரை ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. தனியாகத் திரும்பி வரும்போதும் நிற்கவில்லை.